அனுப்பாதது

பெரியப்பா விட்டுப்போனவற்றில் என்னிடம் வந்து சேர்ந்தது ஒரு நோட்டுப் புத்தகம். 80 பக்கம், கோடு போட்டது. மேலட்டை உப்புக் காற்றில் இற்றுப்போயிருக்கிறது. பெரியப்பா பள்ளி ஆசிரியர். கூடவே ஒரு நாளிதழுக்குப் பகுதிநேர நிருபர். கடியப்பட்டணத்திலிருந்து மணவாளக்குறிச்சிக்கு நடந்துபோய், நாகர்கோவில் பஸ்ஸில் கண்டக்டரிடம் செய்திக் கவரைக் கொடுத்துவிட்டுத் திரும்புவது பல வருஷங்கள் அவரது மாலை நேர வேலையாக இருந்தது. அச்சான வரிகளை எண்ணி மாதக் கடைசியில் பணம் அனுப்புவார்கள். பணம் சொற்பம். ஊரில் அதனால் கிடைத்த மரியாதை சொற்பமல்ல.

நோட்டு 1976 மார்ச்சில் தொடங்கி 1977 பிப்ரவரியில் முடிகிறது. இடப்பக்கங்களில் ‘அனுப்பியது’ என்று தலைப்பு. வலப்பக்கங்களில் ‘அனுப்பாதது’. இடப்பக்கம் நிரம்பிக் கிடக்கிறது. கோயில் திருவிழா, முட்டத்தில் கட்டுமரம் கவிழ்ந்தது, இருபது அம்சத் திட்டத்தின் கீழ் கறவை மாடு வழங்கும் விழா, குடும்பக் கட்டுப்பாட்டு முகாம். வலப்பக்கங்களில் மொத்தம் 31 குறிப்புகள். ஒவ்வொன்றும் இரண்டு மூன்று வரி. பெயர், ஊர், தேதி, நடந்தது. அபிப்பிராயம் என்று ஒரு சொல் கிடையாது.

அவற்றில் ஒரு குறிப்பைத் தாண்டி என்னால் வெகுநாட்களாக நகர முடியவில்லை. உள்நாட்டுக் கிராமம் ஒன்றில் நடந்த கருத்தடை முகாமுக்குக் கூட்டிப்போகப்பட்ட ஒரு கூலித் தொழிலாளி, புண்ணில் சீழ் வைத்துப் பதினோராம் நாள் இறந்துபோகிறார். பெயரும் வயதும் எழுதப்பட்டிருக்கின்றன. எதிரே இடப்பக்கத்தில் அதே முகாமைப் பற்றி அனுப்பிய செய்தியின் நகல். முகாம் வெற்றிகரமாக நடந்தேறியது, இத்தனை பேர் பயனடைந்தனர். இரண்டும் ஒரே கையெழுத்து, ஒரே மை.

சர்வாதிகாரத்தின் கீழ் பத்திரிகைக்காரனின் தார்மீகம் என்று பேச ஆரம்பித்ததுமே நாம் இரண்டு உருவங்களை மனதில் நிறுத்திக்கொள்கிறோம். சிறைக்குப் போகிறவன் ஒருவன், காலில் விழுகிறவன் மற்றவன். 1975 ஜூன் 25 இரவு அவசரநிலை பிரகடனமாயிற்று. டில்லிப் பத்திரிகை அலுவலகங்களுக்கு அன்றிரவே மின்சாரம் துண்டிக்கப்பட்டது. 28-ஆம் தேதி இந்தியன் எக்ஸ்பிரஸ் தலையங்கத்துக்குரிய இடத்தை வெறுமையாக விட்டு வந்தது. சோவின் துக்ளக் கறுப்பு அட்டையோடு வந்தது. ஜூலையில் குல்தீப் நய்யார் கைதானார். ரொமேஷ் தாப்பரின் ‘செமினார்’, தணிக்கைக்குப் பக்கங்களைக் கொடுப்பதைவிட நின்றுபோவதே மேல் என்று 1976-ல் தன்னை நிறுத்திக்கொண்டது. இவை முதல் உருவத்துக்குச் சாட்சியங்கள். இரண்டாவது உருவத்துக்கு அத்வானியின் பேச்சு ஒன்றே போதும் என்றாகிவிட்டது. குனியச் சொன்னதற்குத் தவழ்ந்தார்கள் என்று அவர் பத்திரிகைக்காரர்களைப் பார்த்துச் சொன்னது பிரசித்தம். இதை மிகுந்த உற்சாகத்தோடு திரும்பத் திரும்ப எடுத்துக்காட்டுகிறவர்கள் பத்திரிகைக்காரர்களே என்பது என்னைத் தொந்தரவு செய்கிறது. எல்லோரும் தவழ்ந்தோம் என்று ஒப்புக்கொள்வதில் கஷ்டம் ஒன்றுமில்லை. இன்ன தேதியில் இன்ன செய்தியை நான் விட்டேன் என்பதில்தான் நாக்கு எழ மறுக்கிறது.

பெரியப்பா இந்த இரண்டு உருவங்களிலும் அடங்கமாட்டார். தணிக்கை அதிகாரி யாரையும் அவர் கண்ணால் பார்த்ததில்லை. யாரும் அவரை மிரட்டவுமில்லை. தமிழ்நாட்டில் 1976 ஜனவரி 31 வரை தி.மு.க. ஆட்சி இருந்தது. அதுவரை இங்கே கொஞ்சம் மூச்சுவிட முடிந்தது. ஆட்சி கலைக்கப்பட்ட பிறகு கயிறு இறுகியது. பிப்ரவரியில் நாட்டின் நான்கு செய்தி ஸ்தாபனங்களையும் ஒன்றாக்கி ‘சமாச்சார்’ என்று ஒரே வாய் வைத்தார்கள். பத்திரிகைகளை நண்பன், பகைவன், நடுநிலை என்று தரம் பிரித்து அதற்குத் தக்கபடி அரசு விளம்பரம் அளந்து ஊற்றப்பட்டதை 1977 ஆகஸ்டில் வந்த வெள்ளை அறிக்கை சொல்கிறது. ஆக, விளம்பரத்துக்காக முதலாளி பயந்தார். முதலாளிக்காக ஆசிரியர், ஆசிரியருக்காக உதவி ஆசிரியர். பயம் இப்படிப் படிப்படியாக இறங்கிக் கடைசியில் மணவாளக்குறிச்சி பஸ் ஸ்டாப்புக்கு வந்து சேரும்போது அது பயம் என்றுகூடத் தெரிவதில்லை. “இதெல்லாம் போடமாட்டான்” என்ற அனுபவ ஞானமாக அது மாறிவிட்டிருக்கிறது. கவர் கண்டக்டர் கைக்குப் போகுமுன் செய்தி தணிக்கையாகிவிட்டது.

இவ்வளவையும் சொல்லி அவரை விடுவித்துவிடலாம். சூழல், அமைப்பு, வரலாற்றுக் கட்டாயம். நமது விமர்சனத்தில் இந்தச் சொற்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் சூழல் மட்டுமே காரணம் என்றால் வலப்பக்கம் எதற்கு? ‘போடமாட்டான்’ என்று தெரிந்த ஒன்றை ராத்திரி உட்கார்ந்து, பெயரோடும் தேதியோடும், யாருக்காக எழுதிவைத்தார்?

நான் வங்கியில் குமாஸ்தா. எந்தத் தலைப்பில் சேர்ப்பது என்று தெரியாத தொகையைத் தற்காலிகமாக நிறுத்திவைக்க எங்களிடம் ஒரு கணக்கு உண்டு. சஸ்பென்ஸ் கணக்கு. அதில் தொகை இருப்பது குற்றமல்ல. அங்கேயே தங்கிவிடுவதுதான் குற்றம். ஆடிட்டர் வந்தால் இது எத்தனை நாளாக நிற்கிறது, ஏன் தீர்க்கவில்லை என்று கேட்பார். வலப்பக்கத்தை நான் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன். எழுத முடியாததை எழுத முடியாதது என்றே குறித்து நிறுத்திவைத்திருக்கிறார். சர்வாதிகாரத்தின் கீழ் ஒரு சாதாரண மனிதன் குறைந்தபட்சம் இதைச் செய்யலாம். இதைச் செய்யாதவர்களே அதிகம். இடப்பக்கத்தை மட்டும் வைத்திருந்தவர்கள் சில வருஷங்களில் அதை நம்பவும் தொடங்கிவிட்டார்கள்.

பெரியப்பாவின் கவர் போன அந்த நாகர்கோவிலுக்கு இந்த விஷயத்தில் இன்னும் பழைய ஞாபகம் ஒன்று உண்டு. 1910 செப்டம்பர் 26-ல் திருவிதாங்கூர் சமஸ்தானம் ‘சுதேசாபிமானி’ என்ற மலையாளப் பத்திரிகையைத் தடை செய்தது. அச்சகம் பறிமுதலாயிற்று. ஆசிரியர் ராமகிருஷ்ண பிள்ளை கைதாகி நாடு கடத்தப்பட்டார். அப்போது மூலம் திருநாள் ராஜா, ராஜகோபாலாச்சாரி திவான். திவானையும் அவருடைய நிர்வாகத்தையும் தாட்சண்யமில்லாமல் தாக்கி எழுதியதே குற்றம். விசாரணை கிடையாது, ராஜ விளம்பரம் போதுமானதாக இருந்தது. போலீஸ் காவலில் நாகர்கோவில் வழியாக ஆரல்வாய்மொழிக்குக் கொண்டுபோய், எல்லைக்கு அப்பால் திருநெல்வேலி ஜில்லாவில் விட்டார்கள். நாஞ்சில் நாடு அன்று திருவிதாங்கூரின் பகுதி. 1956 நவம்பர் 1-ல்தான் நாம் தமிழ்நாட்டோடு சேர்ந்தோம். பிள்ளை உயிரோடு இருந்தவரை தடை நீங்கவில்லை. 1916 மார்ச் 28-ல் கண்ணூரில் இறந்தபோது அவருக்கு வயது 37.

அவருக்குத் திருவனந்தபுரத்தில் சிலை இருக்கிறது. என்னை அதிகமாக யோசிக்க வைப்பவர் பத்திரிகையின் சொந்தக்காரர் வக்கம் அப்துல் காதர் மௌலவி. சொந்தப் பணத்தைப் போட்டு இங்கிலாந்திலிருந்து அச்சு யந்திரம் வரவழைத்தவர் அவர். ஆசிரியர் எழுதியதில் குறுக்கிட்டதில்லை. பறிபோன அச்சகத்தை ராஜாவிடம் கேட்டு வாங்கிக்கொள்ளும்படி சிலர் யோசனை சொன்னபோது, ஆசிரியர் இல்லாமல் அச்சகம் தனக்கு எதற்கு என்று அவர் மறுத்துவிட்டதாகச் சொல்வார்கள். 1932-ல் அவர் இறக்கும்வரை அது திரும்பவில்லை. 1957-ல் கேரளத்தில் தேர்தல் மூலம் முதல் அரசு வந்த பிறகே குடும்பத்தின் கைக்கு வந்தது. விளம்பரத்துக்காகப் பயந்த 1976-ன் முதலாளிகளை இவர் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால், பயம் மேலிருந்து கீழே இறங்குவதுபோல் தைரியமும் மேலிருந்து இறங்கக்கூடியதுதான் என்று தெரிகிறது. மௌலவி மாதிரி ஒருவர் மேலே இருந்திருந்தால் பெரியப்பாவின் 31-ல் பாதியாவது பஸ் ஏறியிருக்கும்.

ஆனால் கதையை இந்த இடத்தில் நிறுத்திக்கொள்ள என்னைப் போன்ற கரைக்காரனால் முடியாது. புலையர் குழந்தைகளை மற்ற ஜாதிக் குழந்தைகளோடு ஒரே வகுப்பில் உட்காரவைக்க அதே 1910-ல் சமஸ்தானம் முன்வந்தபோது, குதிரையையும் எருமையையும் ஒரே நுகத்தில் பூட்டுவதற்கு அதை ஒப்பிட்டு எதிர்த்தவரும் இதே ராமகிருஷ்ண பிள்ளைதான். இது அவருடைய நாடுகடத்தலைச் சிறுமைப்படுத்துவதற்காகச் சொல்வதல்ல. திவானைக் கண்டு அஞ்சாத ஒருவரிடமும் அனுப்பப்படாத செய்திகள் இருந்தன. அவை விடுபட்டது அவருக்கே தெரியாது. பயந்தவன் தான் விட்டதை அறிவான். பார்வையில்லாதவன் அதையும் அறியமாட்டான். பத்திரிகைக்காரனின் அறம் என்பது தைரியம் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருப்பதில் இந்த ஆபத்து இருக்கிறது.

பிறகு என்னதான் அது? நோட்டின் வலப்பக்கங்களைத் திரும்பத் திரும்பப் படித்ததில் எனக்கு ஒரு விஷயம் புலப்பட்டது. அங்கே எல்லாம் பெயர்கள். இடப்பக்கத்தில் அமைச்சர், கலெக்டர், தலைவர்களைத் தவிர மற்றவர்கள் எல்லாம் ‘இத்தனை பேர்’. சர்வாதிகாரம் சாதாரண மனிதர்களை எண்ணிக்கையாக மட்டுமே அனுமதிக்கிறது. 1976–77 ஒரே வருஷத்தில் இந்த நாட்டில் 80 லட்சத்துக்கு மேற்பட்ட கருத்தடை அறுவைகள் நடந்தன. இந்த எண் அன்று ரகசியமல்ல, சாதனை. ரகசியமாக இருந்தவை பெயர்கள்.

அதனால்தான் எதிர்த்தவர்களில் புத்திசாலிகள் பெயரை அச்சேற்றுவதற்கு வழி தேடியிருக்கிறார்கள். 1976 பிப்ரவரி 3, அண்ணா நினைவு நாள். கைதான தி.மு.க.வினரின் பெயர்களை வெளியிடத் தணிக்கை இடம் தரவில்லை. அண்ணா நினைவிடத்துக்கு மலர் வளையம் வைக்க வர இயலாதவர்கள் என்று ஒரு நீண்ட பட்டியலை முரசொலி வெளியிட்டது. ஏன் இயலவில்லை என்று எழுதவில்லை. படித்தவர்களுக்குத் தெரிந்தது. அது கட்சிப் பத்திரிகை, கட்சிக்காரர்களின் பெயர்கள், வாஸ்தவம். இருந்தாலும் அந்தப் பட்டியல் பத்திரிகைத் தொழிலின் அடிப்படைச் செயல் என்று எனக்குப் படுகிறது.

கிட்டத்தட்ட இதே காரியத்தை அர்ஜென்டினாவில் ராபர்ட் காக்ஸ் செய்தார். புவனோஸ் ஐரிஸில் வந்துகொண்டிருந்த ‘ஹெரால்டு’ என்ற சிறிய ஆங்கிலப் பத்திரிகையின் ஆசிரியர். 1976-ல் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு, பிள்ளைகளைக் காணவில்லை என்று தாய்மார்கள் அவரிடம் வந்தார்கள். முதலில் ஆட்கொணர்வு மனு போட்டுவிட்டு வாருங்கள் என்றார். மனு போட்டுவிட்டால் அது கோர்ட் செய்தி, பெயரை வெளியிடலாம். மிரட்டல்கள் தாங்காமல் 1979 டிசம்பரில் குடும்பத்தோடு அந்த நாட்டைவிட்டுப் போனார். அதே ஊரில் ரொடோல்ஃபோ வால்ஷ் என்ற எழுத்தாளர், ராணுவ ஆட்சியின் முதல் வருஷம் முடிந்த 1977 மார்ச் 24 என்று தேதியிட்டு ஆட்சியாளருக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். கொல்லப்பட்டவர், காணாமற்போனவர், சிறையிலிருப்பவர் என்று அதில் கணக்கு வைத்தார். மறுநாள் பிரதிகளைத் தபாலில் சேர்த்த வால்ஷை ராணுவத்தினர் சுட்டார்கள். உடல் கிடைக்கவில்லை. மார்ச் 24 நமக்கு வேறு விதத்தில் ஞாபகமிருக்கும் தேதி. அவசரநிலை 21-ஆம் தேதி விலக்கப்பட்டு, அன்றுதான் மொரார்ஜி பிரதமரானார்.

கடற்கரையில் வளர்ந்தவனுக்குப் பெயரின் முக்கியத்துவத்தை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2017 நவம்பர் 30 ஒக்கிப் புயலுக்குப் பிறகு அதிகாரிகள் எண்ணிக்கை சொல்லிக்கொண்டிருந்தபோது, கரையோரப் பங்குகளில் பெயர்ப் பட்டியல்கள் தயாராகிக்கொண்டிருந்தன. எந்தப் பெயரை அடிப்பது, எதை வைப்பது என்பதைத் திரும்பி வருகிறவன் தீர்மானித்தான்.

இனி, அவசரநிலைக்குப் பின். 1977 ஏப்ரலில் பெரியப்பா தன் பத்திரிகைக்கு மூன்று பகுதிகளில் ஒரு கட்டுரை எழுதினார். உடனே போட்டார்கள். மூன்றையும் வெட்டி நோட்டின் கடைசியில் ஒட்டிவைத்திருக்கிறார். ஆவேசமான கட்டுரை, நன்றாகவே எழுதியிருக்கிறார். டில்லி துர்க்மான் கேட்டில் 1976 ஏப்ரலில் நடந்தது அதில் இருக்கிறது. தன் வீட்டிலிருந்து எட்டு மைலில் நடந்தது இல்லை. 31-ல் ஒன்றுகூட இல்லை. அவர் இறப்பதற்கு முந்தின வருஷம் கோயில் முற்றத்தில் உட்கார்ந்திருக்கும்போது இதைக் கேட்டேன்.

“அத எழுதினா, அன்னைக்கு நீ என்ன செய்தேன்னு கேப்பானுவ மக்களே.”

“கேட்டா என்ன பெரியப்பா?”

“பயந்தேன்னு சொல்லணும்லா. டில்லியப் பத்தி எழுதினா அது வேண்டாம் பாத்தியா.”

அவர் சிரிக்கவில்லை. நானும் மேற்கொண்டு கேட்கவில்லை. சர்வாதிகாரத்துக்குப் பிந்திய காலத்தின் இலக்கணம் முழுவதும் அந்தப் பதிலில் இருப்பதாக இப்போது நினைக்கிறேன். அவசரநிலையின்போது அவர் மௌனமாக இருந்தார். ஆனால் தனக்குள் பொய் சொல்லிக்கொள்ளவில்லை. நோட்டு அதற்குச் சாட்சி. அவசரநிலை முடிந்த பிறகு பேசினார், அந்தப் பேச்சில் பொய் கலந்தது. ஷா கமிஷன் அறிக்கைகள் 1978-ல் வந்தன. அரசாங்கத்தின் கணக்கு ஏதோ ஒரு அளவுக்குப் பார்க்கப்பட்டது. பத்திரிகைகள் தங்கள் கணக்கைத் தாங்களே எடுத்து வைத்திருக்க வேண்டும். நான் பார்த்த பழைய இதழ்களில், 1977-க்குப் பிறகு எல்லோரும் எதிர்த்தவர்களாக இருக்கிறார்கள்.

போன வருஷம், அந்த ஒரு குறிப்பையாவது தீர்த்துவிடலாம் என்று நினைத்து, அதில் கண்ட கிராமத்துக்குப் போனேன். இறந்தவரின் மகள் இருக்கிறார். அறுபதைத் தாண்டியவர். நோட்டைக் காட்டினேன். வாங்கிப் பார்க்கவில்லை, என்னையே படிக்கச் சொன்னார். படித்தேன்.

“அப்போ அந்த சாருக்கு அன்னைக்கே தெரியும்.”

“தெரியும் அக்கா.”

“அன்னைக்கு பேப்பர்ல பேரு வந்திருந்தா எங்கம்மைக்கு எதாவது கிடைச்சிருக்கும். அஞ்சு பிள்ளையள வச்சுக்கிட்டு அவ பட்ட பாடு… இப்போ எதுக்குத் தம்பி? பேரு போடாண்டாம்.”

டீ போட்டுக் கொடுத்தார். கோபமாகக்கூடப் பேசவில்லை. நான் பெரிய காரியம் செய்யப்போவதாக எண்ணிக்கொண்டு பஸ் ஏறியிருந்தேன். திரும்பும் வழியில்தான் விஷயம் உறைத்தது. செய்திக்கு ஒரு நாள் இருக்கிறது. அந்த நாளில் அந்தப் பெயர் ஒரு விதவைக்கு ஆயுதமாக இருந்திருக்கும். ஐம்பது வருஷம் கழித்து அது என் கட்டுரைக்கு அலங்காரம். நிறுத்திவைத்த தொகையை அவ்வளவு காலம் கழித்து உரியவரிடம் கொண்டுபோனால், அவர் அதை வாங்க மறுக்கவும் உரிமை உண்டு. அதனால் அந்தப் பெயர் இங்கே இல்லை. இது பெரியப்பாவின் மௌனம்தானா, வேறா என்று எனக்குள் இன்னும் தகராறு இருக்கிறது. ஒரு வித்தியாசம் சொல்லலாம்: இப்போது விடச் சொன்னவர் அந்தப் பெயருக்கு உரியவர்.

பெரியப்பாவின் கணக்கைப் பார்த்தவன் தன் கணக்கைக் காட்டாமல் போனால் இதுவும் துர்க்மான் கேட் கட்டுரையாகிவிடும். 2019-ல், கூடங்குளம் அணுஉலை எதிர்ப்பைப் பொருளாகக் கொண்ட ஒரு கவிதைத் தொகுப்புக்கு மதிப்புரை எழுதினேன். இடிந்தகரைப் போராட்டத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் மீது தேசத்துரோக வழக்குப் போடப்பட்டதையும், 2012 செப்டம்பர் 10-ல் மணப்பாட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஒரு மீனவர் இறந்ததையும் கையெழுத்துப் பிரதியில் எழுதியிருந்தேன். அந்தச் சாவைப் பற்றி அந்தக் கவிதைகள் ஏன் படிமங்களுக்குள் ஒளிந்துகொள்கின்றன என்பதே அந்த மதிப்புரையின் மையக் கேள்வி. பத்திரிகைக்கு அனுப்புவதற்கு முந்தின இரவு அந்தப் பத்தியை அடித்துவிட்டேன். யாரும் சொல்லவில்லை. அவசரநிலை எதுவும் அமலில் இல்லை. வங்கி ஊழியனுக்கு நடத்தை விதிகள் உண்டு, இடமாற்றம் உண்டு, ஏன் வம்பு என்று தோன்றியது. அவ்வளவுதான். பத்தியை நீக்கியபின், படிமச் செறிவைப் பாராட்டும் மதிப்புரையாக அது அச்சாயிற்று. நண்பர்கள் இரண்டு பேர் நன்றாக இருந்ததாகக் கடிதம் எழுதினார்கள்.

நமக்குள் 200, 300 பேர் படிக்கும் பத்திரிகையில் ஒரு பத்தியை விட்டதை இவ்வளவு பெரிதாகச் சொல்ல வேண்டுமா என்று கேட்கலாம். மணவாளக்குறிச்சி பஸ்ஸில் ஏற்றாமல் விட்ட மூன்று வரியும் அதே அளவுதான். வாசகர்கள் குறைவு, ஆகவே இங்கே பயமில்லை என்பதுதான் சிறுபத்திரிகையின் பெருமையாக நாம் சொல்லிவந்தது. பயமில்லாத இடத்திலும் விட்டுவிட முடிகிறது என்றால் அந்தப் பெருமையை நாம் கொஞ்சம் அடக்கிக்கொள்வது நல்லது.

பெரியப்பாவின் நோட்டில் வலப்பக்கங்கள் நிறைய மிச்சமிருக்கின்றன. அவருடைய 31-க்குக் கீழே ஒரு கோடு போட்டு, என் கையெழுத்தில் 32-ஆவது குறிப்பை எழுதியிருக்கிறேன். தேதி, ஊர், நடந்தது. விட்ட காரணத்தையும் ஒரு வரி சேர்த்திருக்கிறேன். அதை அவர் தன் குறிப்புகள் எதிலும் எழுதவில்லை.